அறுக்கக் கூடாத அரணாக்கொடி

பகல் ஒரு மணி. மஞ்சவாடி கணவாய் ரோடு. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை...

பேய்க் கதைக்குப் பகலா என்று சிரிக்காதீர்கள். இருட்டில் பார்த்ததைக் கண் ஏமாந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். உச்சி வெயிலில் பார்த்ததை என்ன சொல்வீர்கள்? போர்வையை இழுத்துக்கொண்டு கிட்டே வாருங்கள். மண்டபத்துக்குக் கரண்ட் வருகிறபோது வரட்டும்.

இது நம் ஜோசப் ராஜின் அக்கா ஸ்டெஃபிக்கு நடந்தது. இந்த அனீஸ் சொல்வதில் சந்தேகம் இருந்தால் அவனையே கேளுங்கள். அதோ, மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்திருக்கிறான் பாருங்கள். கல்யாண பிரியாணியை ஒரு வாய்கூடத் தொடாமல் பந்தியிலிருந்து எழுந்து வந்த மகாராஜன்.

ஸ்டெஃபி தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ். போன ஐப்பசியில் வத்தல்மலைக்காரர் மாதப்பன் என்பவருக்கு அங்கே இதய ஆபரேஷன். இதயம் நன்றாகத்தான் துடித்தது. வயிறுதான் ஊத ஆரம்பித்தது. அந்த மாதிரி நேரத்தில் மூத்திரக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பார்களாம். அது ஏறினால் மூத்திரம் நிற்கும், மூச்சு முட்டும், கடைசியில் ஆளே போய்விடுவார். மாதப்பனுக்கு ஏறியது.

இடுப்பில் இறுக்கமாக எதுவும் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். ஸ்டெஃபி துணியை விலக்கினாள். கறுப்புக் கயிறு, வெள்ளித் தாயத்து. ஆபரேஷனுக்கு முன் அவிழ்த்துக் கொடுத்த அரணாக்கொடியை, பார்க்க உள்ளே விட்ட நேரத்தில் மனைவி மறுபடி கட்டிவிட்டிருந்தாள். முடிச்சு சதைக்குள் புதைந்து கிடந்தது. அறுத்தால்தான் உண்டு. கத்தரியை எடுத்ததும் அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க சிஸ்டர்... செத்தவங்களுக்குத்தாங்க அரணாக்கொடிய அறுப்பாங்க. உசுரோட இருக்கறவருக்கு அறுத்துப்போடாதீங்க."

ஸ்டெஃபி மனசு இளகிவிட்டாள். விடிவதற்குள் மாதப்பன் போய்விட்டார். அன்று மலையில் அப்படி ஒரு மழை. ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்தபடியே, பிரித்துப் பார்க்காமல் குழியில் வைத்து மூடிவிட்டார்கள். செத்தவருக்கு அறுக்க வேண்டியதை யாரும் அறுக்கவில்லை.

போன மாதம் அப்துல் ரஷீத் வந்தார். அரூரில் துணிக்கடை வைத்திருப்பவர். அதே ஆபரேஷன், அதே மாதிரி வயிறு கல்லாகிவிட்டது. வயிற்றைத் திறந்துவிட வேண்டும், உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தொப்பூரில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்திருந்ததால், ஆம்புலன்ஸ் டிரைவர் குரு கடத்தூர் வழியாகத் திருப்பி மஞ்சவாடிக்கு வந்துவிட்டான். பின்னால் ஸ்டெஃபியும் ரஷீத் மனைவி அஸ்கரி பேகமும். மூத்திரப் பையில் ஒரு சொட்டு இல்லை. பேகம் துஆ ஓதுவதை நிறுத்தவே இல்லை. இந்த மனுஷனையாவது சேலம் சேர்த்துவிட வேண்டும் என்று ஸ்டெஃபி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணவாய் வளைவில்... ஒரு ஆள். ஆஸ்பத்திரிப் பச்சை அங்கி. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி கடந்துபோனது. அடுத்த வளைவிலும் அதே ஆள்... இன்னும் கொஞ்சம் ரோட்டுக்கு நெருக்கமாக.

"குரு, அந்த ஆளப் பாத்தீங்களா?"

"எந்த ஆளுங்க சிஸ்டர்? ரோட்டுல ஒருத்தரும் இல்லீங்களே."

மூன்றாவது வளைவில் ஆள் இல்லை. வண்டிக்குள் வாசனை அடித்தது. ஈர மண்... அப்போதுதான் வெட்டிய குழி மண். மானிட்டர் கத்த ஆரம்பித்தது. ரஷீத்துக்கு மூச்சு இழுத்தது. ஸ்டெஃபி போர்வையைத் தூக்கினாள்.

இடுப்பில் கறுப்புக் கயிறு. வெள்ளித் தாயத்து. முடிச்சு சதைக்குள்.

"இது ஏதுங்க சிஸ்டர்? எங்க வூட்ல யாரும் இத கட்டறதில்லீங்களே!" என்று அலறினார் பேகம்.

ஆபரேஷனுக்கு முன் ரஷீத் உடம்பைத் துடைத்து அனுப்பியவளே ஸ்டெஃபிதான். அப்போது ஒரு நூல்கூட இல்லை. இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை. கயிற்றில் கத்தரியை வைத்தாள். பட்... அவ்வளவுதான். குழாயில் சொட்... சொட்... என்று மூத்திரம் இறங்கியது. சேலத்தில் அளந்தபோது அழுத்தம் குறைந்திருந்தது, வயிற்றைத் திறக்கவே இல்லை. இப்போது மனுஷன் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார். ஆனால் அறுத்துத் தட்டில் போட்ட கயிற்றை மட்டும் காணோம்.

அன்று குளிக்கப் போனபோதுதான் பார்த்தாள்... அது அவள் இடுப்பில் இருந்தது.

நாளுக்கு நாள் வயிறு இறுகியது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வீட்டில் எத்தனையோ பேர் கெஞ்சியும் அவள் யாரையும் கத்தரியோடு கிட்டே விடவில்லை. "அறுக்கறவங்க இடுப்புக்குப் போயிரும், தொடாதீங்க" என்று அழுதாளாம். போன வாரம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கயிறு இல்லை. தூக்கத்தில் யாரோ அறுத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கீழே பந்தியில் சிரித்துச் சிரித்துப் பரிமாறிக்கொண்டிருந்தாளே, அவள்தான் ஸ்டெஃபி.

என்ன, எல்லோரும் மூக்கை உறிஞ்சுகிறீர்கள்? ஆமாம்... எனக்கும் ஈர மண் வாசனை அடிக்கிறது. மழையே இல்லையே...

டேய் ஜோசப், ஏன் எழுந்து வருகிறாய்? வயிற்றை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு...

"அனீஸு... உங்கிட்ட கத்தி இருக்குதா?"