பதினேழாம் எண் பை

என் பெயர் ஹெர்டெஸ். தகப்பனார் பெயர் லாபன். வயது ஐம்பத்து மூன்று. எங்கள் தீவு நாட்டின் தலைநகர் மஜூரோவில், ரீட்டா பகுதியில் குடியிருக்கிறேன். வடக்குத் தீவுக்குக் குடியேறுபவர்களை ஏற்றிச் செல்லவிருந்த படகின் டீசல் குழாயைக் கழற்றியது பற்றி என்னை விசாரித்ததில், யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த எங்கள் வடக்குத் தீவில் மறுபடி ஆட்கள் குடியேறலாமா என்று பார்க்கச் சென்ற ஆண்டு வந்த மண் பரிசோதனைக் குழுவில் நான் தோண்டும் ஆளாக இருந்தேன். வரைபடத்தில் புள்ளி வைத்த இடத்தில் முழங்கை ஆழம் தோண்டி, மண்ணைப் பையில் போட்டு எண் எழுத வேண்டும். பதினேழாம் புள்ளி என் தாயாரின் கல்லறை மேல் விழுந்தது. பயமில்லை என்று சொல்லி முன்பு ஒருமுறை எங்களை அங்கே குடியேற்றிய பிறகு, கழுத்தில் கட்டி வந்து இறந்தவர் அவர். வெள்ளைப் பவளக்கல் பரப்பிய கல்லறையில் எங்கள் ஆட்கள் மண்வெட்டி வைப்பதில்லை. குழுவினர் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு நான் பதினாறாம் குழியிலேயே இன்னொரு பை அள்ளி, பதினேழு என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பைதானே என்று நினைத்தேன். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை.

அதன் பிறகு பதினேழாம் புள்ளியைச் சுற்றியுள்ள இடம் சுத்தம் என்று அறிக்கை வந்தது. என் தங்கை லிஜெமென் தன் இரண்டு பேத்திகளோடு அங்கேயே வீடு கட்டி, ஈரப்பலாவும் தென்னையும் வைக்க முடிவு செய்தாள். நேற்றுக் காலை படகுத்துறையில் வீட்டுப் பலகைகளை ஏற்றிக்கொண்டிருந்த அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"இத்தன நாளா வாய்ல என்ன வச்சிருந்தே? ரிப்போர்ட்ல சுத்தம்னு போட்டிருக்கான். நீ என்ன பெரிய விஞ்ஞானியா?"

"அது பதினாறாம் குழி மண்ணு, லிஜெமென்."

"அம்மாவ நோண்டாம வந்தியே, அது போதும். பலகையத் தூக்குண்ணே."

குழு அலுவலகத்திலும் சொன்னேன். அறிக்கையில் கையெழுத்தாகிவிட்டது என்றார்கள். அதன் பிறகு துறைக்கு நான்கு முறை நடந்து திரும்பினேன். இன்று காலை படகு கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. பேத்திகள் இருவரும் படகில் ஏற்றிய மரக்கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து, எந்த மரம் யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு இயந்திர அறைக்குள் போய்க் குழாயைக் கழற்றினேன்.

குழாய் எங்கே என்று கேட்டதற்கு, பதினேழாம் புள்ளியை மறுபடி தோண்டும் வரை சொல்ல மாட்டேன். அங்கே வேறு யாரும் கை வைக்க வேண்டாம். அம்மாவின் கற்களை நானே எடுக்கிறேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது; சொன்னது உண்மை.

(ஒப்பம்) ஹெர்டெஸ்