நெட்டையின் கார்டு

நடுநிசி தாண்டிவிட்ட நேரம். இரண்டு பக்கமும் காடு. விளக்கே இல்லாத சாலை... எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

இந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். காலையில்தான் லோடு இறக்கக் கூப்பிடுவார்கள். கரண்ட்டும் அதுவரை வராது போலிருக்கிறது.

இது என் கூட்டாளியுடைய அக்கா கணவருக்கு நடந்தது. சுருட்டை முடிக்காரர், அதனால் எல்லாருக்கும் சுருட்டை. பொய் பேசத் தெரியாத மனிதர். தெரிந்திருந்தால் இத்தனை வருடம் லாரி ஓட்டியிருப்பாரா? லாரி வாங்கியிருப்பார்.

அன்று அவர் மனைவிக்குப் பிரசவ வலி. முன்பு இரண்டு குழந்தை தங்கவில்லை. இந்தமுறை அவர் வண்டி எடுக்கும்போதே சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இல்லாம என்னால முடியாது" என்று அழுதிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து என் கூட்டாளிதான் போன் செய்தான். "மாமா, சீக்கிரம் வாங்க. டாக்டரம்மா முகமே சரியில்ல."

ஆனால் அவருடைய நேரம் முடிந்துபோயிருந்தது.

லாரி ஓட்டாத நம் கேட் காவலாளியும் கூட உட்கார்ந்திருக்கிறார், அவருக்காகச் சொல்கிறேன். வண்டியில் ஒரு பெட்டி உண்டு. ஓட்டுகிறவன் தன் கார்டை முதல் துளையில் செருகவேண்டும். கூட இன்னொரு டிரைவர் இருந்தால் அவன் கார்டு இரண்டாவதில். யார் எவ்வளவு நேரம் ஓட்டினான், எவ்வளவு நேரம் படுத்தான், எல்லாம் அதில் பதிவாகிவிடும். அளவுக்கு மேல் ஓட்டினால் லைசென்ஸ் போச்சு. சுருட்டை அன்றைய அளவை ஓட்டி முடித்துவிட்டார். விடியும்வரை படுத்தே ஆகவேண்டும். படுத்தால் அவள் கதி என்ன?

வண்டியில் இன்னொரு கார்டு கிடந்தது. நெட்டையுடையது.

நெட்டை அவரோடு வருடக்கணக்காக மாற்றி மாற்றி ஓட்டியவன். அதற்கு முந்தின மாதம்தான், சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில், திரைக்கு அந்தப் பக்கம், தூக்கத்திலேயே போய்விட்டான். அது தெரியாமல் சுருட்டை பாதி ராத்திரி அவனோடு பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்... அவன் கார்டைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"மன்னிச்சுக்கடா. இன்னைக்கு ஒருநாள்" என்று சொல்லி, அதை முதல் துளையில் செருகினார். தன் கார்டைச் சட்டைப் பையில் போட்டிருக்கவேண்டும். திருட்டுத்தனம் பண்ணுகிற எவனும் அப்படித்தான் செய்வான். சும்மா முழிக்காதீர்கள், உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அவருக்குக் கைப்பழக்கம்... ஜோடியாக ஓட்டிய பழக்கம். தன் கார்டை இரண்டாவது துளையில் செருகிவிட்டார்.

டிக்.

பெட்டியைப் பொறுத்தவரை, ஓட்டுவது நெட்டை. படுத்திருப்பது சுருட்டை.

கொஞ்ச தூரம் போனதும் கிராம்பு வாசனை. தூக்கம் வராமலிருக்க நெட்டை கிராம்பு மெல்லுவான். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வாசனை போகவில்லை. பிறகு, பின்னால் படுக்கை... கிரீச். யாரோ புரண்டு எழுந்து உட்காருகிற சத்தம். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. திரையின் வளையங்கள் கம்பியில் உரசி, ஒவ்வொன்றாக... சர்... சர்...

அதற்குமேல் அவருக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது மல்லாந்து படுத்திருந்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஏண்டா, கதை கேட்கிற நேரத்தில் போர்வையை இழுக்கிறாய்? எனக்கும்தான் குளிர்கிறது.

திரை மூடியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. அந்தப் பக்கம் கியர் மாறியது. சுருட்டை கியரை வெடுக்கென்று போடுகிறவர். இது நோகாமல் விழுந்தது. அந்த நிலையிலும் மனைவி முகம்தான் கண்ணுக்குள் நின்றதாம். குரலை எப்படியோ வரவழைத்து, "டேய்... என்னை விட்டுடுடா. அவ தனியா இருக்கா" என்றார்.

கிராம்பு கடிபடுகிற சத்தம். கடக்.

"படுடா. உன் பேர்ல ஓய்வுதானே ஓடுது."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்பார்.

எவ்வளவு நேரமோ தெரியாது. வண்டி நின்றது. கதவு திறந்தது, மூடியது. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. பிறகு ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்துகொண்டே பிணம் மாதிரிக் கிடந்தார். திரைத்துணியில் வெளிச்சம் ஏறிய பிறகு, ஓய்வு முடிந்ததென்று பெட்டி ஒருமுறை 'பீப்' என்றது. அப்போதுதான் கை கால் அவர் சொன்னதைக் கேட்டது.

திரையை விலக்கினார். சீட்டில் யாரும் இல்லை. நெட்டைக் கால்காரன் உட்கார்ந்த மாதிரி அது கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. எதிரே ஆஸ்பத்திரி வாசல்.

ஓடினார். வார்டுக்கு வெளியே என் கூட்டாளி பெஞ்சில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே மனைவி விழித்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு பெண் குழந்தை. மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்த்தார். விட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"லேட்டாயிடுச்சும்மா... மன்னிச்சுக்க."

"என்ன லேட்டு? வலி உச்சத்துல இருக்கும்போதே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டீங்களே. கண்ணைத் திறக்காதேன்னு சொன்னீங்க, நானும் திறக்கல. உங்க கைதான் ஏனோ அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு."

சுருட்டை தன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்; சூடாக இருந்தது.

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாளாம். "இவளைத் தூக்கினதும் காதுல சொன்னீங்களே, 'பயப்படாதே கண்ணு, இனிமே உன்னை நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்துக்குவோம்'னு... இன்னொருத்தர் யாருங்க?"