கதிர் கடந்த பின்னும்

எக்ஸ்ரே அறையின் ஏந்தலே! இருட்டறையில் இருந்தபடி வெளிச்சத்தை வேலை வாங்கிய வித்தகரே! எலும்பைப் பார்த்தே ஆளை அடையாளம் சொல்லும் எங்கள் அண்ணன் சலாஹுதீன் அவர்களே! முப்பத்தோர் ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் தங்களுக்கு, இந்தக் கடலோர அரசு மருத்துவமனையின் ஊழியர்கள் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல் இது.

நேரம் தவறாதவர், நோயாளியை நோகவிடாதவர், மேலதிகாரியிடமும் முகத்துக்கு நேரே உண்மை பேசுபவர் என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தோம். அத்தனையும் மெய்யே. ஆயினும் தங்கள் பெயரைச் சொன்னதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காத்திருப்புக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டிதான். நாள் முழுக்கச் செய்தி ஓடிய அந்தப் பெட்டியில், பகல் பன்னிரண்டு மணிக்குத் தமிழ் பேசும் விண்வெளித் தொடரை ஓடவிட்ட பெருமை தங்களையே சாரும்!

அந்த அரைமணி நேரம் மருத்துவமனை தரையில் இருந்ததாகவே தோன்றாது. விண்கலம் வெடித்தால் கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தலைவி தன் கோளை விட்டுப் புறப்பட்டபோது, மாவுக்கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களைக் கண்டோம். டோக்கன் கூப்பிட வேண்டிய காவலர் முருகேசு கூப்பிட மறந்து வாய்பிளந்து நின்றார். கண்ணீர் காய்வதற்குள் கேள்விகள் கிளம்பும். வானத்தில் காற்றே இல்லையென்றால் வெடிச்சத்தம் எப்படிக் கேட்டது? ஒரு நட்சத்திரம் அணைந்தால் நமக்கு எப்போது தெரியும்? விடை தெரியாத நாளில் தாங்கள் மழுப்பியதில்லை. மகள் இஃப்ராவின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் படித்து, மறுநாள் வந்து சொன்னீர்கள்.

அந்தத் தொடரே ஒரு நாள் தங்களுக்கு வினையாகவும் வந்தது.

பாம்பனில் கடற்பாசி எடுக்கும் பூமயில், மூன்று வாரம் விடாத இருமலோடு வந்திருந்தார். காசநோயாக இருக்கலாம் என்று மருத்துவர் மார்பு எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினார். கூடத்தில் உட்கார்ந்து அவரும் தொடரைப் பார்த்தார். அன்றைய கதையில் ஒருவன்மேல் நீலக் கதிர் பாய்ந்தது. ஆள் மறைந்தான், செருப்பு மட்டும் கிடந்தது. அடுத்த நிமிடமே முருகேசு அவருடைய எண்ணைக் கூப்பிட்டு, நம் வழக்கப்படி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் போகச் சொன்னார். பூமயில் செருப்பைக் கழற்றவில்லை. வாசலைப் பார்த்து ஓடிவிட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்று அதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

தாங்கள் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் ஓடிவிட்டாலும் அந்த இருமல் நிற்கப்போவதில்லை என்று தங்களுக்குத் தெரியும். மறுநாள் வேலை முடிந்ததும் முகவரி விசாரித்துப் பாம்பனுக்குப் பேருந்து ஏறினீர்கள்.

தேடி வந்தவர் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பூமயில் நினைத்தாராம். இதைப் பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னார். ஆனால் அவர் அன்று ஓடியதற்குக் காரணம் வேறு. நான்கு ஆண்டுகளுக்கு முன், கடலுக்குப் போகிற எல்லோரையும் போல அவருடைய கணவரும் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வள்ளம் ஏறினார். வள்ளம் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. செருப்பை மட்டும் பூமயில் வீட்டுக்கு எடுத்து வந்தார். பெட்டியில் பார்த்தது அவருக்குக் கதையாகவே படவில்லை. தானும் அப்படிப் போய்விட்டால் மகளுக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் அவரை உலுக்கிவிட்டது. தங்களிடம் இதை அழுதபடி சொன்னவருக்கு நடுவே ஒரு சந்தேகமும் வந்தது; எக்ஸ்ரே எடுத்து வந்த பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதை வைத்துக் கேட்டார்.

"அது ஒண்ணும் செய்யாதுன்னா, நீங்க ஏன் சார் சுவத்துக்கு அங்கிட்டுப் போயி ஒளியிறீக?"

புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் இருந்தது. தாங்கள் சொன்னது கொஞ்சம்தான்.

"வெயில்ல ஒரு நா நிக்கிறதும் வருசம் பூரா நிக்கிறதும் ஒண்ணா தங்கச்சி? நீ ஒரு தடவ நிப்ப. நான் தெனமும் நாப்பது தடவ நிக்கணும்."

நீலக் கதிர் கதை எழுதியவரின் கற்பனை என்றும், நம் கதிர் ஆளை மறைக்காது, உள்ளே இருப்பதைத்தான் காட்டும் என்றும் விளக்கினீர்கள். செருப்போடே வரலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

பூமயில் வந்தார். ஈரமணல் ஒட்டிய செருப்போடு அறைக்குள் போனார். அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்த வீரலட்சுமி துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது பூமயில் குனிந்து தன் கால்களையே பார்த்தார்; தாங்கள் இரண்டு முறை அவருடைய மோவாயை நிமிர்த்தச் சொன்னீர்கள். படத்தில் நோய் தெரிந்தது, நல்லவேளையாக ஆரம்ப நிலையில். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். மறுபடி எடுத்த படத்தில் நெஞ்சு துப்புரவாக இருந்தது.

அந்தப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கதிர் அவருடைய நெஞ்சை ஊடுருவி அப்பால் போனதால்தான் இது விழுந்தது என்று காட்டினீர்கள். பூமயில் அதை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கனவில் பேசுகிறவரைப் போல மெல்லச் சொன்னார்.

"அது என்னயத் தாண்டிப் போயிருச்சு. நான் இங்கனயேதான நிக்கிறேன்."

அண்ணே, இனி வரும் ஆண்டுகளும் தங்களை அப்படியே கடந்து போகட்டும்! நோய் அண்டாமல், நெஞ்சம் வாடாமல், கேள்வி ஓயாமல், தாங்கள் இங்கனயே எங்களோடு நிற்க வேண்டும்.

தங்கள் அன்புக்கு என்றும் உரிய
மருத்துவமனை ஊழியர்கள்