நூற்றுக்கு நூறு வாங்கிய வகுப்பு

என் பேச்சின் நீளம் தெரிந்தும் துணிந்து தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை பட்டம் வாங்குவதைக் காணப் பூரித்து வந்திருக்கும் தாய்மார்களே! பிரெஞ்சு ஆசிரியர் பட்டப் பயிற்சியை முடித்துப் பள்ளிக்கூடப் படியேறப்போகும் பதினொரு பேரே! உங்கள் பயிற்றுநரின் வணக்கம்.

வாழ்த்த வந்தேன், வாய் வரவில்லை.

பன்னிரண்டாவதாக ஒருத்தி இருந்தாள். படபடவென்று பேசுவதால் சிட்டு என்று அழைத்தோம். நம் தலையாய விதி உங்களுக்குத் தெரியும்: வகுப்பறைக்குள் பிரெஞ்சைத் தவிர வேறு சொல் கூடாது, ஒரு சொல் தவறினால் ஐந்து மதிப்பெண் போச்சு. சிரிக்கிறீர்களா? பறிகொடுத்தவர்களின் சிரிப்பு அது, சிரியுங்கள்!

மூன்று மாதங்களுக்கு முன், ஓர் ஆறாம் வகுப்பில் சிட்டுவின் பயிற்சிப் பாடம். கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு நான். பக்கத்தில் படம்பிடிக்கும் கேமரா. பாடம், உடல் உறுப்புகள். தலை வந்தது, தோள் வந்தது, கை வந்தது. வயிறு இன்னும் வரவில்லை.

ஒரு சிறுமி எழுந்தாள். "மிஸ், வயிறு ரொம்ப வலிக்குது."

சிட்டு என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். அவள் பிரெஞ்சிலேயே, "பிரெஞ்சில் சொல்" என்றாள். சிறுமி தேடினாள், திணறினாள், தெரிந்ததைச் சொன்னாள்: "தலை." உச்சரிப்பு நன்று என்று சிட்டு பாராட்டினாள். பத்தாவது நிமிடம் அந்தப் பிள்ளை பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்தாள், மருத்துவர்களின் புண்ணியத்தில்.

சிட்டுவுக்குக் காது இல்லையா? இருந்தது. எனக்குத் தாய்மொழி தெரியாதா? தெரியும். பிறகு ஏன் எழவில்லை? ஏன் எழவில்லை நான்?

மாலையில் சிட்டு என் அறைக்கு வந்தாள். "நீங்க எழுந்திருப்பீங்கன்னு பார்த்தேன் சார்" என்றாள். ஆறுதல் என்று நினைத்து நான் தாளை நீட்டினேன். "நூத்துக்கு நூறும்மா."

அவள் திரும்பி வரவே இல்லை. குடும்பச் சூழ்நிலை என்று உங்களிடம் பொய் சொன்னேன்.

அந்தப் பாடத்தின் படத்தைத்தான் இன்று நம் பயிற்சியில் மாதிரிப் பாடமாகக் காட்டுகிறோம். அதை நிறுத்தச் சொல்லி முதல்வர் அம்மாவிடம் கேட்டேன். "நல்லா வந்திருக்கே சார், எதுக்கு வீணாக்கணும்?" என்றார். கோபம் வேண்டாம் அம்மா, உங்கள் மேல் குற்றமில்லை. பிள்ளை விழுந்த இடத்தை உங்களுக்குக் காட்டாமல் வெட்டியவன் நான்.

பதினொரு பேரே! நாளை ஒரு பிள்ளை எழுந்தால், எந்த மொழியில் அழுதாலும் ஓடுங்கள்! என் விதியை மிதித்துக்கொண்டு ஓடுங்கள்! என் மதிப்பெண்ணைக் கிழித்துப்போட்டு ஓடுங்கள்!

கைதட்டாதீர்கள். ஓடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. விழுந்த இடத்தைத்தான் வெட்டினேன். வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்ன இடம் படத்தில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் பதினொரு பேரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.