டப்பாவில் ஏழு கல்

பித்தப்பைக் கல் பார்க்க அழகாகத்தான் இருக்கும், பவதாரிணி. உன் அம்மாவுக்கு எடுத்த ஏழும் பொரிகடலை நிறம். ஆபரேஷன் முடிந்ததும் சின்ன டப்பாவில் போட்டு என் கையில்தான் கொடுத்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். நலம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

"அம்புட்டும் உள்ளயா கெடந்துச்சு?" என்றாள் அடுத்த வீட்டுப் பாண்டிமீனா.

"என் தங்கச்சி எதையும் லேசுல வெளிய விடமாட்டா" என்றேன்.

"சிரிக்க வைக்காதக்கா, தையலு வலிக்குது" என்று ராக்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மாதத்தில் மேல்வயிற்றில் மறுபடியும் வலி. சாப்பாடு குறைந்தது. ரவிக்கை தொளதொளத்தது. அலங்காநல்லூரில் பஸ் ஏறி மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்த டாக்டரையே பார்த்தோம். அவள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போன நேரத்தில் அவர் என்னிடம் சொன்னார்: "பித்தப்பையில கல் இருந்தவங்களுக்கும், பையை எடுத்தவங்களுக்கும் வயித்துல புற்றுநோய் வர்றது கொஞ்சம் கூடுதல்னு சில ஆராய்ச்சி சொல்லுது. ஆபரேஷனாலதான் வருதுன்னு சொல்ல முடியாது, பயப்பட வேணாம். ஆனா எடை குறையுதே, வாய் வழியா வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்துரணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்திரலாம்." சீட்டு எழுதிக் கொடுத்தார். நான்தான் வாங்கினேன்.

திரும்பி வந்தவள், "என்னக்கா சொன்னாரு?" என்றாள்.

"கல்லு இருந்த எடம்டி. கொஞ்ச நாளைக்கு வலிக்கத்தான் செய்யுமாம்."

அதற்கு முந்தின வாரம் நீ போனில் சொல்லியிருந்தாய்: "இன்னொரு தடவ முடியாமப் போச்சுன்னா அம்மாவ கோயம்புத்தூருக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவேன் பெரியம்மா." அதில் தப்பில்லை. மகள் சொல்ல வேண்டியதுதான். ஆனால் இந்த வீட்டில் என்னோடு பேச அவளை விட்டால் ஆள் கிடையாது.

சீட்டை மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தேன். வலிக்குது என்று அவள் சொல்லும்போதெல்லாம் டப்பாவை ஆட்டிக் காட்டினேன். "வியாதி இந்தா கெடக்கு. உள்ள என்னடி இருக்கு?" நம்பினாள். சோற்றைக் குழைத்து ரசம் ஊற்றி ஊட்டினேன். உன் போனை நானே எடுத்தேன். அவளே பேசினாலும் "அக்கா பாத்துக்கிறா" என்றுதான் உன்னிடம் சொன்னாள். ஐந்து மாதம் போயிற்று. கறுப்பாக வாந்தி எடுத்த அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் பத்தொன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள்.

நேற்று நீ டப்பாவைத் தூக்கியபோது சீட்டு கிடைத்தது. "மறந்து வச்சுட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்டாய். நான் தப்பித்துக்கொள்ள ஒரு வார்த்தையை நீயே எடுத்துக் கொடுத்தாய். இல்லை தாயி, மறக்கவில்லை. டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவளைக் கொன்றது நான். நீ யாரிடம் சொன்னாலும், அங்கே வந்து நானும் இதையே சொல்வேன்.

சீட்டை எடுத்துக்கொண்டு போ. டப்பாவை மட்டும் விட்டுவிடு. அவளை முழுசாக உன்னோடு அனுப்ப எனக்கு இப்போதும் மனசு வரவில்லை.