தண்ணீர் புகாத எட்டாம் நம்பர்

பூட்ஸ் வாங்குவதானால் சாயங்காலத்தில் வாங்க வேண்டும் ஐயா. காலையில் கால் சுருங்கி இருக்கும். நாள் முழுக்க நின்று நடந்தபின் நாலு மணிக்கு மேல் கொஞ்சம் தடித்திருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் எந்த நேரத்துக்கும் பொருந்தும். இது தெரியாமல் காலையில் அளவு சொல்லிவிட்டு மறுநாள் கவுன்ட்டரில் வந்து சண்டை போடுகிறவர்களை முப்பத்துநாலு வருஷம் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் சிங்காரவேல். சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஷூ, கம்பூட்ஸ், ஹெல்மெட் கொடுக்கும் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் பேரில் இருக்கும் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன். மகன் வடநாட்டில் டெபுடேஷனில் இருக்கிறான்.

முதலில் ஒரு வேண்டுகோள். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் நூருல்லாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இறந்துபோன செங்குட்டுவனின் பூட்ஸை பண்ருட்டியில் அவர் கடையில்தான் வாங்கினோம். அது உண்மை. ஆனால் அதற்குள் இருந்த ஆணி அவர் கடையிலிருந்து வந்ததில்லை. செங்குட்டுவனின் மைத்துனன் ஆட்களோடு போய்க் கடைக் கண்ணாடியை உடைத்தது தவறு. நூருல்லாவின் மனைவி கமர் நிஷா கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார். இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஒரு நிரபராதி என் பொருட்டு அரை நாள் உட்கார்ந்திருப்பதைக்கூட என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

செங்குட்டுவன் என் அடுத்த வீட்டுக்காரர். ஐம்பது வயது. நெல்லிக்குப்பத்துப் பக்கம். சுரங்கத்தில் பெரிய மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். ஷிப்ட் மாறி லீவு சேர்ந்து கிடைத்தால் நாலைந்து பேரோடு கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். முயல், காட்டுப்பன்றி, ஒருமுறை மான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவர் வீட்டில் கறி வேகிற வாசனை என் ஜோதி விளக்கடிக்கு வந்துவிடும். நான் எறும்பு வரிசையைக்கூடச் சுற்றிப் போகிறவன். வியாழக்கிழமை தோறும் வடலூருக்குப் போய், கஞ்சி ஊற்றுகிற இடத்தில் பாத்திரம் கழுவிக் கொடுக்கிறேன். ஜோதியைத் தவிர எனக்கு வேறு சாமி இல்லை.

அவருக்கு அது வேடிக்கை. சுவருக்கு மேல் கிண்ணத்தை நீட்டுவார்.

"சாமி, ஒரே ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்க. அப்புறம் ஜோதி ரெண்டா தெரியும்."

"உயிர் பாவம் தம்பி" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு நான்தான் முதலில் கரும்பு கொடுப்பேன். அவருக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் ரேடியோ வைக்கமாட்டேன். சின்னச் சின்ன அன்புதான் மனிதனை மாற்றும் என்பது என் நம்பிக்கை. இன்றைக்கும் அதை நம்புகிறேன்.

என் பணி ஓய்வு விழாவில் அவர் மைக்கை வாங்கிப் பேசினார். "அண்ணன் முப்பத்துநாலு வருஷம் ஊரான் கால எண்ணிகினே இருந்தாரு. தன் கால மட்டும் மைன்ஸ்ல எடுத்து வச்சதே இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். கழுத்தில் மாலை இருந்ததால் நானும் சிரித்தேன். அது நவம்பர் முப்பதாம் தேதி, மாலை ஐந்தே முக்கால் மணி. முன்வரிசையில் பதினொரு பேர். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் விசாரிக்கும்போது வேறு யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் தோட்டத்து வழியாக என் வீட்டுக்கு வந்தார். வெறுங்கால்.

"அண்ணே, மலைக்கு ஒரு நல்ல பூட்ஸ் சொல்லுங்க. ஒருக்கா வாங்குனா பத்து வருஷம் உழைக்கணும். தண்ணி பொட்டு உள்ள வரக் கூடாது. போன தடவ ஓடையத் தாண்டுறப்ப ரொம்பிப் போயி, நடக்க நடக்கத் தவளையாட்டம் கத்திகினே வருது. பன்னி முன்னாடியே ஓடிடுச்சு."

எனக்கே சிரிப்பு வந்தது. செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நிற்கச் சொல்லி, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தேன். குதிகாலுக்குப் பக்கத்தில் தாளில் சிவப்பாக ஒரு பொட்டு பரவியது. காலைத் தூக்கிப் பார்த்தேன். கருவேல முள், முக்கால் அங்குலத்துக்குமேல் உள்ளே போயிருந்தது. பிடுங்கினேன். அவர் காட்டுப்பன்றி எப்படித் திரும்பிப் பாயும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முள் என் கையில் இருந்தது. பென்சில் முனையை அவர் கால் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பேச்சு நிற்கவில்லை.

சர்க்கரை எத்தனை நாளாக என்று மெதுவாகக் கேட்டேன். முள்ளைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. ஏழு வருஷமாக இருக்கிறதாம். வெளியூரில் ரகசியமாக மாத்திரை வாங்குகிறாராம். மனைவி பொற்கொடிக்கே தெரியாதாம்.

"வெளிய உட்டுடாதீங்கண்ணே. மெடிக்கல்ல தெரிஞ்சா மெஷின உட்டு எறக்கி ஆபீஸ்ல உக்கார வச்சிருவானுங்க. நான் செத்துருவேன்."

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். காயத்தைத் துடைத்து மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். அவர் போனபிறகு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி தெரியாத கால். அந்தக் காலில் வேட்டைக்காரன். இதை என் கண்ணுக்குக் காட்டியது ஜோதிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மலைக்கு பூட்ஸ் தேர்ந்தெடுப்பது லேசான வேலை இல்லை. கம்பூட்ஸில் தண்ணீர் போகாது, ஆனால் ஏற்றத்தில் குதிகால் தூக்கும், பாறையில் வழுக்கும். சுரங்கத்து சேஃப்டி ஷூவில் முன்னால் இரும்பு இருப்பதால் கனம். கணுக்காலுக்குமேல் வருகிற தோல் பூட்ஸ்தான் சரி. அதிலும் நாக்கு என்கிற நடுத்தோல் இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு கட்டுகிற இடத்தில் தண்ணீர் இறங்கும். அடிப்பகுதி ஒட்டினதாக இல்லாமல் உருக்கி வார்த்ததாக இருக்க வேண்டும். நூருல்லாவின் கடையில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. நல்ல சரக்கு. அவரைக் குறை சொல்லவே முடியாது.

அவர் ஒன்பதாம் நம்பரைத்தான் எடுத்துக் கொடுத்தார். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"கம்பளி சாக்ஸ் போடுவாருங்க. எட்டு இப்ப நல்லாத்தான் இருக்கும். மலை எறங்கறப்ப வெரலு முட்டும்" என்றார்.

எட்டே போதும் என்று நான் சொன்னேன். முப்பத்துநாலு வருஷ அனுபவத்தின் முன்னால் கடைக்காரர் என்ன பேசுவார். செங்குட்டுவன் போட்டு நாலு அடி நடந்து பார்த்தார். "ஒண்ணுமே தெரியல பாய். சூப்பர்" என்றார்.

தண்ணீர் சோதனை செய்து தருகிறேன் என்று பூட்ஸை என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். உள்ளே கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, கணுக்கால் வரை வாளித் தண்ணீரில் நிறுத்தி வைக்க வேண்டும். மறுநாள் தாள் மொறுமொறுவென்று இருந்தால் பாஸ். இரண்டு நாள் வைத்தேன். தாள் அப்பளம் மாதிரி இருந்தது. மூன்றாவது நாள், அது வியாழக்கிழமை, வடலூரிலிருந்து திரும்பி வந்து குளித்துவிட்டு, வலது பூட்ஸின் உள் அட்டையைத் தூக்கி, விரல்களுக்குப் பின்னால் உடம்பின் பாரம் இறங்குகிற இடத்தில் ஷூ ஆணி ஒன்றை முனை மேலே பார்க்கும்படி அடியிலிருந்து வைத்தேன். கையால் தடவினால் தெரியாது. மிதித்தால்தான் மேலே வரும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் வந்து வாங்கிக்கொண்டார். மூன்று நாளும் கழற்ற வேண்டாம், கழற்றினால் கால் வீங்கி மறுபடி உள்ளே போகாது என்று சொல்லி அனுப்பினேன்.

அவருடைய உயிரை நான் கேட்கவில்லை. ஒரு கால். அவ்வளவுதான் என் கணக்கு. இன்னும் இருபது வருஷம் மலை ஏறுவார் என்று வையுங்கள், எத்தனை முயல், எத்தனை மான். வேட்டைக்காரனிடமிருந்து ஒரு காலை வாங்கிக்கொள்வது கொலையாகாது, ஜீவகாருண்யத்தில்தான் சேரும் என்று நினைத்தேன். வாயால் சொல்லிப் பார்த்து வருஷக்கணக்கில் பலிக்கவில்லையே.

திங்கட்கிழமை இரவு காய்ச்சலோடு திரும்பினார். வீட்டில் கழற்றியபோது சாக்ஸ் தனியாக வரவில்லை என்று பொற்கொடி சொன்னார். உள்ளே அவ்வளவு ரத்தமும் சீழும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தண்ணீரை உள்ளே விடாத பூட்ஸ் எதையும் வெளியேயும் விடாது. வழியில் யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான். மலையில் ராத்திரி கழற்றச் சொன்னதற்கு, "அண்ணன் கழட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காரு" என்று பூட்ஸோடே படுத்தாராம். இதை அவரோடு மலைக்குப் போன மகள் ஹரிணி சொல்லி அழுதது.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதோடு முடியும் என்றுதான் இருந்தேன். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. பதினோராம் நாள் போய்விட்டார். அந்தப் பதினோரு நாளும் பொற்கொடி கொஞ்சம் தூங்கட்டும் என்று பகலில் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சி கொண்டுபோய் ஸ்பூனால் ஊட்டினேன். நினைவு இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொள்வார். இவருக்குச் சர்க்கரை உண்டா என்று முதல் நாளே டாக்டர் எங்களைக் கேட்டார். பொற்கொடி இல்லை என்றார். நான் பேசாமல் இருந்தேன். ரத்தம் எடுத்து அவர்களே தெரிந்துகொண்டார்கள். என் வாக்கு உடையவில்லை.

இது நடிப்பு இல்லை ஐயா. ஊட்டும்போது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

இப்போது நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வேட்டைக்குப் போகிறவர் காலேஜில் படிக்கிற பெண்ணை ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்று கேட்டீர்கள். நான் மறைத்தேன் என்று எழுத வேண்டாம். கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை காலை அவர் மகளோடுதான் வந்தார். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே பையோடு நின்றது. அவர் கையில் துப்பாக்கி இல்லை. வழக்கமான கூட்டாளிகள் இல்லை. என் விளக்குக்கு முன்னால் வந்து, செருப்பை வெளியில் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்தார். அதுவரை அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

"துப்பாக்கிய அறுத்துப் போட்டுட்டேண்ணே. நாலு நாளைக்கு முன்ன ஒரு பொட்ட முயல அறுத்தேன். உள்ள நாலு குட்டி. ஹரிணி பாத்துட்டா. ரெண்டு நாளு சோறு எடுக்கல, எங்கூடப் பேசல. நீங்களும் சொல்லிகினேதான் இருந்தீங்க, எனக்குத்தான் ஒறைக்கல. மலைய மட்டும் உட முடியல. சும்மா ஏறி எறங்கிட்டு வரோம், நானும் பொண்ணும். இனிமே உங்க வூட்டுக்கு அந்த வாசன வராது."

பூட்ஸ் என் மடியில் இருந்தது. ஆணியை எடுக்க அரை நிமிஷம் போதும். உள்ளே காய்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் தம்பி என்று சொல்லி அடுக்களைக்கு எடுத்துப் போயிருக்கலாம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரொம்ப சந்தோஷம் தம்பி என்றேன். பிறகு கீழே குனிந்து, கூச்சத்தில் அவர் இழுத்துக்கொண்ட காலைப் பிடித்து, சாக்ஸை மாட்டி, நானே பூட்ஸுக்குள் விட்டு, கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சாகப் போட்டேன். கழற்ற வேண்டாம் என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் ஆணியை எடுத்திருப்பேன். கோபத்தோடு யாருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.