லைட்டைத் தின்ன மச்சினன்

இல்லண்ணே, பல்பு மாத்தியாச்சு! மொத ஆளா அதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும். காய்ச்சல்னு போனா மாத்திரை, ஹெட்லைட்டுன்னு வந்தா பல்பு. மாத்திட்டேன். ஒரு தடவையில்ல, மூணு தடவை. பல்பு கடையில சோதிச்சுப் பாத்தா ஜம்முனு எரியுது, நம்ம வண்டியில மாட்டுனா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குது. ஃப்யூஸ் மாத்தியாச்சு. அந்தக் குட்டி டப்பா... ரிலே... அதையும் மாத்தியாச்சு. பேட்டரி புதுசு. இன்னும் மாத்தாம இருக்கறது நானும் என் பொண்டாட்டியும்தான். அவளும் இப்ப வீட்டுல இல்ல.

எங்கன்னா... பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. எல்லாம் இந்த லைட்டாலதாண்ணே! சிரிக்காதீங்க. அவனவன் நெலம், நகைன்னு சண்டை போட்டுப் பிரியறான். நான் லைட்டுக்கு. அதாவது லைட்டுக்கில்ல, லைட்டைக் கெடுத்தவனுக்கு. என் மச்சினன். அவளோட தம்பி. "மாமா, ஒரே ஒரு சாயங்காலம் காரைக் குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போனான். திருப்பிக் கொண்டாந்து விட்டப்போ பாக்கணுமே... எருமை பொரண்டு எழுந்து வந்த மாதிரி. பம்பர்லேர்ந்து லைட்டுவரைக்கும் சேறு! மறுநாள்லேர்ந்து லைட்டு மங்க ஆரம்பிச்சுது. ஒரு வாரத்துல சுத்தமா இருட்டு. "என்னடா பண்ணே"ன்னா "ஒண்ணும் பண்ணலியே மாமா"ங்கறான். மடியில கனமில்லேன்னா வழியில எதுக்கு பயம்? ஏன் முழிக்கறான்? கேட்டுட்டேன் நானும். சொந்தக்காரங்க அத்தன பேர் முன்னாடியும், "சோத்தைத் தின்னே, சரி, லைட்டையும் தின்னுட்டியா"ன்னு.

அவ்வளவுதான். இவ பெட்டியைக் கட்டிட்டா.

காலையில மாமனார் போன் பண்றாரு. "இன்னிக்கு இருட்டறதுக்குள்ள வந்து, என் பையன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா அவ இனிமே இங்கதான்." நான் மன்னிப்புக் கேக்கணுமாம்! குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்ச கதையால்ல இருக்கு? அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். லைட்டு எரிஞ்சாலும் சரி, எரியாட்டியும் சரி. "ஆமா, இது எடுத்துட்டுப் போனவன் கெடுத்ததுதான்"னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மெக்கானிக் சொன்னா மறுபேச்சு இருக்காது இல்ல?

ஆனா உண்மையைச் சொல்லிடறேண்ணே. அவ இல்லாம என்னால முடியல. நேத்து சாப்பிட உக்காந்து "உப்பு கம்மி"ன்னு சத்தம் போட்டேன். யாரு பதில் சொல்றது? சமைச்சவனே நான்தான்.

என்ன, சுவிட்சா? போட்டாச்சு. எரியுதா? எரியல, பாத்தீங்களா! பின்னாடி கையை வச்சா சுடுதா? சுடும்ணே, சுடும். என் வயித்தெரிச்சல் அங்கவரைக்கும் போயிருக்கும்.

கண்ணாடி ஏன் இப்படிக் கறுத்திருக்குன்னா கேக்கறீங்க? அப்பாடா, உங்களுக்காவது கண்ணுல பட்டுதே! உள்ளயே புகைஞ்சிருக்குண்ணே. அவன் எதையோ நோண்டி, அது புகைஞ்சு, கண்ணாடி பூரா அப்பிக்கிச்சு. நான் சும்மா விட்டேனா? தெனம் காலையில எழுந்ததும் மொத வேலை அதைத் தேய்க்கறதுதான். ஆனா பாருங்க, தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்குது! அப்ப உள்ள எவ்வளவு புகை இருக்கணும்?

எதால தேய்க்கறேனா? நம்ம கடைச் சரக்காலதான். செருப்புக் கடைண்ணே எனக்கு. அந்த பம்பரைப் பாருங்க, மூஞ்சி தெரியுதா இல்லியா? ஷூ பாலீஷ்! நல்ல கறுப்பு. அவன் சேறாக்கிட்டு வந்தானே, மறுநாள்தான் ஆரம்பிச்சேன். பம்பருக்கு ஒரு பூச்சு, அதே துணியால அப்படியே லைட்டுக்கும் ஒரு... ஏண்ணே அப்படிப் பாக்கறீங்க? நல்ல கம்பெனி பாலீஷ்தான்.

சரி, நேரமாகுது. இருங்க, போனைப் போட்டுடறேன், நீங்களே சொல்லிடுங்க. ஸ்பீக்கர்ல போடறேன்... ஹலோ! மாப்ளே, நான்தான். அக்கா பக்கத்துல இருக்காளா? அப்பாவுமா? நல்லதாப் போச்சு, எல்லாரும் கேட்டுக்குங்க. இங்க மெக்கானிக் என் பக்கத்துலதான் நிக்கறாரு. லைட்டை யாரு கெடுத்தான்னு அவரு வாயாலயே சொல்வாரு.

சொல்லுங்கண்ணே. அண்ணே? எங்க போறீங்க? அது என்ன துணி? ஏன் வெளிப்பக்கம் துடைக்கறீங்க, கோளாறு உள்ளல்ல இருக்கு... அய்யோ! கண்ணு! கண்ணு கூசுது! ஷெட்டு பூரா வெளிச்சம்... அண்ணே, எரியுதுண்ணே!

அப்படின்னா... இவ்வளவு நாளும் உள்ள எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சா? மூணு பல்புமா?

அண்ணே, அண்ணே, அந்தப் பக்கத்து லைட்டைத் துடைக்காதீங்க! உங்க கையைப் புடிச்சுக் கேக்கறேன். இந்தப் பக்கம் நான் கெடுத்ததாவே இருக்கட்டும். அந்தப் பக்கமாவது அவன் கெடுத்ததா இருந்துட்டுப் போகட்டுமே! பாதி மன்னிப்போட முடிச்சுக்குவேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்...

என்ன? எதைக் காட்டறீங்க? போனா? போன்ல என்...

...ஹலோ.

நீயா? எதுலேர்ந்து கேட்டே? ...பாதி மன்னிப்புமா? சிரிக்காதே. உங்க அப்பாவையும் சிரிக்க வேணாம்னு சொல்லு. இல்ல... சரி, நீயாவது சிரி. ஆமா, நான்தான். என் கையாலதான். வர்றேன்... இப்பவே கெளம்பிடறேன். நீ வருவே இல்ல? ...ம். ...ம். சரி, தம்பிகிட்டக் குடு.

அண்ணே... அந்தப் பக்கத்தையும் துடைச்சிடுங்க.